பிள்ளைகளின் கால்களும் ஓர் அமானிதமே



2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அது கொட்டிய மழையை வில்லியனூர் கொம்யூனில் எவரும் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். தண்ணீர் வடிந்த பின்னர் நாம் ஓதிக் கொடுக்கும் மதரஸாவின் வாசலுக்குச் சென்று பார்த்தோம். வாய்க்காலின் குறுக்கே கிடந்த நடைகல் பெயர்ந்து போயிருந்தது. வாய்க்காலின் அகலம் இரண்டடி, மிஞ்சிப் போனால் இரண்டரை அடி. ஓதுவதற்கு வந்த பிள்ளைகள் எட்டு முதல் பதினொரு வயதுக்கு உட்பட்டவர்கள். "தாண்டி வாருங்கள்" என்றோம். இரண்டு மூன்று பேர் தாண்டினர். ஏனையோர் கரையில் நின்று கீழே பார்த்தனர். ஒருவன் சுற்றிக்கொண்டு தெருக்கோடி வழியாக வந்தான். இன்னொருவன் தாண்டினான், ஆனால் முழங்காலை மடக்காமல் கட்டையைப் போல் வந்து இறங்கி முன்பக்கமாக விழுந்தான். ஜுஸ்வு அம்மா முழுவதையும் தடங்கலின்றி ஒப்பிக்கும் பிள்ளை அவன்.

அன்றைய இரவு அந்தக் காட்சி நம்மை விட்டு அகலவில்லை. நாம் சிறு பிராயத்தில் தாண்டிய வாய்க்கால்களின் அகலம் இதைப் போல் இரு மடங்கு இருக்கும். அதை எவரும் நமக்குக் கற்றுக் கொடுக்கவில்லை. கற்றுக் கொடுக்க வேண்டிய ஒன்றாகவும் அது எவருக்கும் தோன்றவில்லை. இந்தப் பிள்ளைகளிடமிருந்து அதை எடுத்துக்கொண்டது யார்?

கைபேசி என்று உடனே சொல்லிவிடலாம். சொன்னால் பெற்றோரும் தலையாட்டுவார்கள். நமக்கும் பொறுப்புக் கழிந்துவிடும். ஆயினும் ஒரு பிள்ளையின் நாளை எடுத்து வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தோம். காலையில் பள்ளிக்கூட வேன். மாலையில் திரும்பியதும் டியூஷன். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்துக்கு மாறிய பின் டியூஷன் இல்லாத வீடு அரிதாகிவிட்டது. அது முடிந்ததும் ஓதல். ஓதல் முடிந்தால் இஷா, சாப்பாடு, வீட்டுப்பாடம், உறக்கம். இந்த அட்டவணையில் அஸ்ருக்கும் மஃக்ரிபுக்கும் இடைப்பட்ட நேரம்தான் ஒரு காலத்தில் தெருவுக்கு உரியதாக இருந்தது. வெயில் தணிந்து, காற்று எழும் நேரம். அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவர்கள் வேறு யாரும் அல்லர், நாம்தான். பிள்ளைகள் வந்து சேர வசதியான நேரம் என்று மதரஸா வகுப்பை அங்கே வைத்தோம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் எடுத்துக்கொண்டது எடுத்துக்கொண்டதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும். அதில் வாரத்துக்கு மூன்று நாட்களேனும் தசையையும் எலும்பையும் வலுவாக்கும் இயக்கம் இருக்க வேண்டும். எலும்பை வலுவாக்கும் இயக்கம் என்றால் என்னவென்று தேடிப் பார்த்தால், அதன் முதல் உதாரணமாகக் கிடைப்பது குதித்தல்.

குதிப்பதற்கு ஒரு பயிற்சியா என்று பெரியவர்கள் சிரிக்கக்கூடும். விளையாட்டுப் பயிற்சியாளர்கள் இதற்குப் 'பிளையோமெட்ரிக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் புதிது. நொண்டி என்ன? ஒற்றைக் காலில் தொடர்ந்து குதிப்பது. பாண்டி என்ன? சில்லை எறிந்து, கட்டத்துக்குக் கட்டம் கோட்டில் படாமல் குதித்து, ஒற்றைக் காலில் நின்று திரும்புவது. பச்சைக்குதிரை என்ன? ஓடி வந்து, குனிந்து நிற்பவன் முதுகில் கை ஊன்றித் தாண்டி, அப்பால் இறங்குவது. கயிறு தாண்டலைச் சொல்லவே வேண்டியதில்லை. இன்று பட்டணத்துப் பயிற்சிக் கூடங்களில் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருபவற்றில் பாதி, நம் நன்னிமார்கள் கரித்துண்டால் முற்றத்தில் கோடு கிழித்து ஆடியவைதாம்.

குதிக்கும்போது உடலுக்குள் நடப்பது இதுதான். பாதம் தரையில் படும் கணத்தில் கெண்டைக்கால் தசையும் குதிகால் தசைநாணும் வில்லின் நாணைப் போல் இழுபடுகின்றன. இழுபட்ட மறுகணமே சுருங்கி உடலை மேலே எறிகின்றன. இழுபடுவதற்கும் சுருங்குவதற்கும் இடையே காலம் குறையக் குறையத் தாவல் உயரும். பருவமடையாத பிள்ளையின் உடலில் தசையைப் பெருக்கும் சுரப்புகள் இன்னும் பெருகவில்லை. ஆகவே பயிற்சியினால் அதன் தசை பெரிதாகப் பருத்துவிடுவதில்லை. மாறாக, எந்தத் தசையை எப்போது முடுக்குவது, எப்போது தளர்த்துவது என்று மூளையும் நரம்பும் கற்றுக்கொள்கின்றன. ஓதிக் கொடுப்பவர்களுக்கு இது புதிய செய்தியன்று. காயிதா தொடங்கும் பிள்ளைக்கு 'ஐன்' தொண்டையின் நடுவிலிருந்து வருவதற்கு எத்தனை நாட்களாகின்றன! நாக்கும் தொண்டையும் வளர்ந்ததாலா அது கைகூடுகிறது? சிறிது சிறிதாக, தவறாமல், திரும்பத் திரும்பச் சொன்னதால் கைகூடுகிறது. கால்களும் அவ்வாறே ஓதுகின்றன என்று சொல்லலாம்.

இத்துறை ஆய்வுகளைத் திரட்டிய ஒரு தொகுப்பாய்வு 2011-இல் வெளியானது. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஏழு ஆய்வுகளை மட்டுமே அது கணக்கில் கொண்டது. எண்ணிக்கை சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓட்டத்திலும் தாவலிலும் நல்ல முன்னேற்றமும், சமநிலையிலும் பந்தை உதைக்கும் தூரத்திலும் முன்னேற்றமும் காணப்பட்டன. வாரம் இருமுறை, எட்டு முதல் பத்து வாரம், தொடக்கத்தில் ஓர் அமர்வுக்கு 50 முதல் 60 தாவல்கள் என்பது அதன் பரிந்துரை. இந்த எண்ணைப் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஐந்நூறு அன்று, ஐம்பது.

எலும்பைப் பற்றிய செய்தி இதனினும் முக்கியமானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆறு முதல் பத்து வயதுக்குள், பருவமடையாத பிள்ளைகள் 89 பேர். ஒரு பகுதியினர் 61 சென்டிமீட்டர் உயரப் பெட்டியிலிருந்து இரு கால்களாலும் அமர்வுக்கு நூறு முறை குதித்தனர். வாரத்துக்கு மூன்று நாட்கள், ஏழு மாதங்கள். மற்றப் பகுதியினர் உடலை வளைத்து நீட்டும் பயிற்சிகளை மட்டும் செய்தனர். முடிவில், குதித்த பிள்ளைகளின் தொடை எலும்புக் கழுத்தில் தாதுச் சத்து மற்றவர்களைவிடச் சுமார் நான்கரை விழுக்காடும், இடுப்பு முதுகெலும்பில் மூன்று விழுக்காடும் கூடுதலாகச் சேர்ந்திருந்தன. பயிற்சியை நிறுத்தி ஏழு மாதம் கழித்து அளந்தபோதும் தொடை எலும்பில் சேர்ந்தது பெரும்பாலும் நிலைத்திருந்தது. நம் முற்றங்களில் இரண்டடிப் பெட்டி வேண்டியதில்லை. அது கண்காணிப்புடன் படிப்படியாகச் செய்யப்பட்ட ஆய்வு. எலும்பு தன்மீது விழும் தட்டுதலைக் கேட்டு வளர்கிறது என்பதே அதிலிருந்து நமக்கு வேண்டியது.

கனடாவில் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வளர்ந்த மனிதரின் எலும்புத் தாதுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பருவ வளர்ச்சி உச்சத்தைத் தொடும் காலத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு அது சராசரியாகப் பன்னிரண்டரை வயதை ஒட்டி வருகிறது. ஆண்பிள்ளைகளுக்குப் பதினான்கு வயதில். நம் வீடுகளில் பெண்பிள்ளையின் ஓட்டமும் குதியும் எப்போது நிறுத்தப்படுகின்றன? ஒன்பது, பத்து வயதில். "பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனி என்ன குதி?" என்கிறோம். அவள் இன்னும் பாலிஃக் ஆகவில்லை. மார்க்கம் அவள்மீது சுமத்தாத கட்டுப்பாட்டை ஊர்ப் பேச்சுக்காக நாம் முன்கூட்டியே சுமத்துகிறோம். எலும்பு வங்கியில் பணம் போடத் தக்க ஆண்டுகள் வரும் நேரத்தில் கதவைச் சாத்திவிடுகிறோம். அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பெண்கள் நம் மஹல்லாவில் எத்தனை பேர் என்று அவரவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குக் காரணங்கள் பல, இதுவும் ஒன்று.

மார்க்க நூல்களில் இதற்கு இடம் உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு மூன்று செய்திகளைச் சொல்வோம். நீச்சல், அம்பெய்தல், குதிரையேற்றம் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்கச் சொன்ன ஒரு செய்தியை நம் பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அதை நபிமொழி என்றே சிலர் சொல்வதுண்டு. அது உமர் (ரலி) அவர்களுடன் இணைத்து அறிவிக்கப்படும் செய்தி. அதில் பலரும் விட்டுவிடும் ஒரு சொல் இருக்கிறது. குதிரையில் ஏற மட்டும் சொல்லவில்லை. அதன் முதுகில் பாய்ந்து ஏறச் சொல்கிறது. ஏணி வைத்து ஏறும் பிள்ளையை அந்தச் செய்தி எதிர்பார்க்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசும் இடத்தைத் தொள்ளாயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு மதரஸா ஆசிரியர் வாசித்தால் வெட்கப்படுவார். நாம் வெட்கப்பட்டோம். மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளை நல்ல விளையாட்டில் ஈடுபட்டுக் களைப்பாற விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து எந்நேரமும் கல்வியால் நெருக்கினால் அதன் உள்ளம் செத்துவிடும், அறிவு மழுங்கும் என்றும் அவர் எழுதுகிறார். பகலில் சிறிது நேரம் நடையும் அசைவும் பயிற்சியும் வேண்டும். இல்லையேல் சோம்பல் பற்றிக்கொள்ளும் என்பதும் அவர் கருத்து. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பயணத்தில் ஓட்டப்பந்தயம் ஓடியதை அபூதாவூதில் காண்கிறோம். பெண்ணின் ஓட்டத்தைக் குறித்து நமக்கிருக்கும் கூச்சம் அங்கே காணப்படவில்லை.

இவ்வளவும் எழுதியதால், பிள்ளையை நாளையே பயிற்சி முகாமில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்வதாக எவரும் கருத வேண்டாம். அச்சம் இந்தப் பக்கத்திலும் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023 மார்ச்சில் பெல்லாரியில் 8.42 மீட்டர் நீளம் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். இத்தகைய செய்திகளைப் படித்ததும் சில அத்தாமார்களுக்குத் தம் எட்டு வயது மகனும் அவ்வாறே தாண்ட வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. யூடியூபில் பார்த்ததை வைத்துத் திண்ணையிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் குதிக்கச் செய்கிறார்கள். நாமறிந்த ஒரு பிள்ளை ஒரு கோடை முகாமுக்குப் போய்விட்டு, இரண்டு வாரம் நொண்டிக்கொண்டே ஓத வந்தான். நொண்டி விளையாட்டு அன்று, உண்மையான நொண்டி. சிமெண்ட் தரையில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் தாவச் செய்திருக்கிறார்கள்.

பயிற்சி செய்தால் உயரம் நின்றுவிடும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. முறையாக, மேற்பார்வையுடன் செய்யும் பயிற்சி எலும்பின் வளர்ச்சித் தட்டைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் அளவு மீறினால் இரண்டு இடங்கள் முதலில் முறையிடும். ஒன்று குதிகாலின் பின்புறம். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்குள் இது மிகுதி. மற்றொன்று முழங்கால் சில்லுக்குக் கீழே துருத்தும் எலும்பு முனை; சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வரும். அங்கே தொட்டால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், அது சாக்கு அன்று. குதிப்பதை நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும்; வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்றை ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டுரையை எழுதுவது நேர்மையாகாது. ஆசிரியப் பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், பாடம் ஒப்பிக்காத பிள்ளைகளை நாமும் தவளையைப் போல் தாவச் செய்திருக்கிறோம். முற்றத்தை மூன்று சுற்று. பிரம்பைவிட இது மென்மையானது என்று அன்று எண்ணினோம். முழுவதும் மடங்கிய முழங்காலில் மீண்டும் மீண்டும் தாவுவது அந்த மூட்டுக்கு எவ்வளவு பாரம் என்பதை அன்று அறிந்திருக்கவில்லை. அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு. குதிப்பது தண்டனை என்று ஒரு பிள்ளையின் மனத்தில் பதிந்துவிட்டால், அது மகிழ்ச்சிக்காகக் குதிக்குமா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளிகளில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. மதரஸாக்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2012-இல் திருத்தம் வந்தது. சட்டம் பொருந்தாத இடத்தில் அல்லாஹ்வின் கேள்வி பொருந்தாது என்று எவரும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று தகப்பனாகிவிட்டனர். இருவரை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டோம். அவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது எமது மதரஸாவில் வகுப்பு அஸ்ருக்குப் பின் இருபத்தைந்து நிமிடம் தாமதித்துத் தொடங்குகிறது. திங்களும் வியாழனும் குதிக்கும் நாட்கள். முதலில் முற்றத்தைச் சுற்றி மெதுவாக ஓட்டம். பிறகு இறங்கக் கற்றுக் கொடுக்கிறோம். குதிப்பதற்கு முன் இறங்குவதுதான் பாடம். இரு பாதமும் ஒன்றாக, முழங்கால் மடங்கி, உள்பக்கம் சாயாமல், ஓசை கேட்காமல் இறங்க வேண்டும். "பூனை எப்படி இறங்கும்?" என்று கேட்டால் பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது. அதன் பின் ஒரு நாள் கயிறு, ஒரு நாள் பாண்டி, ஒரு நாள் பச்சைக்குதிரை. பச்சைக்குதிரை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும்; பெண்பிள்ளைகள் மறுபாதி முற்றத்தில் பாண்டி ஆடுகிறார்கள். அதற்குக் கோடு கிழித்துக் கொடுத்தவர் பக்கத்து வீட்டு நன்னி. எமக்கு ஆறு கட்டம்தான் நினைவிருந்தது. எட்டு என்று அவர் திருத்தினார். ஐம்பது தாவல் ஆனதும் நிறுத்திவிடுவோம். இன்னும் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு அடுத்த முறை என்பதே பதில். தாவல் தளர்ந்து இறங்கும் ஓசை கூடிவிட்டால் ஐம்பதுக்கு முன்பே நிறுத்துவோம். யார் அதிக தூரம் என்று அளப்பதில்லை. அவரவர் போன மாதக் கோட்டை அவரவர் தாண்டினால் போதும்.

உடல் பருத்த பிள்ளைகளை முதல் நாளே கயிற்றில் விடவில்லை. நின்ற இடத்திலேயே குதிகாலை உயர்த்தி இறக்குவதில் தொடங்கினோம். இளைப்பு உள்ள ஒரு பிள்ளையின் தாயாரிடம் மருத்துவரைக் கேட்டு வரச் சொன்னோம். போலியோவால் அல்ல, விபத்தால் ஒரு கால் சற்றே குறுகிய பிள்ளை ஒன்றும் உண்டு. அவனை ஓரமாக உட்கார வைக்கத்தான் முதலில் தோன்றியது. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்தவர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றவர். அவரை நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடமே கேட்டோம். நல்ல காலால் பாண்டி ஆடுகிறான். நொண்டியில் அவனை முந்த ஆளில்லை. ரமளானில் பிள்ளைகள் பலர் ஆசைக்கு நோன்பு வைப்பதால் அந்த மாதம் குதியில்லை.

எதிர்ப்பு வராமல் இல்லை. "ஓத அனுப்பினோமா, குதிக்க அனுப்பினோமா ஹஜ்ரத்?" என்று ஓர் அத்தா கேட்டார். நியாயமான கேள்விதான். ஓதலில் பாடம் குறைந்திருந்தால் நாமே நிறுத்தியிருப்போம் என்றோம். பாடம் குறையவில்லை, இருபத்தைந்து நிமிடம் போனாலும் எஞ்சிய நேரத்தில் கொட்டாவி குறைந்திருக்கிறது. இதைப் பயிற்சியின் பயன் என்று நிரூபிக்க எம்மிடம் கணக்கு இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறோம். இன்னொருவர், இதெல்லாம் ஆசிரமத்துக்காரர்களின் வழக்கம் என்றார். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 2 அன்று சிறியவர் முதல் பெரியவர் வரை உடற்பயிற்சி செய்து காட்டுவது உண்மையே. அவர்கள் வழி வேறு, நம் வழி வேறு. ஆயினும் குதிப்பதை அவர்களிடம் விட்டுக் கொடுக்க வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. உமர் (ரலி) அவர்கள் பெயரால் வரும் செய்தி அதற்கும் முந்தையது.

மிகவும் தயங்கியவர் பத்து வயதுப் பெண்பிள்ளையின் தாயார். "தெருவில் பார்ப்பார்களே" என்றார். முற்றத்துச் சுவர் தெருவை மறைக்கிறது என்று காட்டினோம். ஒரு வாரம் வாசலிலேயே நின்று பார்த்தார். இரண்டாம் வாரம், மகள் கட்டத்தின் கோட்டை மிதித்துவிட்டு மிதிக்கவில்லை என்று வாதாடியபோது, மிதித்தாய் என்று தீர்ப்புச் சொன்னவர் அவரேதான்.

பாகூர்ப் பக்கத்து மஹல்லாக்களில் ஓதிக் கொடுக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இன்னும் வரப்பு இருக்கிறது, அறுப்பு முடிந்த வயல் இருக்கிறது, காலுக்கு இதமான மண் இருக்கிறது. எமக்கு இருப்பது சிமெண்ட் பூசிய முற்றம். வயல்கள் மனைகளாகிவிட்டன. உங்கள் பிள்ளைகளை அந்த மண்ணில் இறக்கிவிடுங்கள்.

எமது முற்றத்தின் தெற்குப் பாதியில் சிமெண்டை உடைத்து இரண்டு வண்டி மணல் கொட்ட வேண்டும் என்று ஜமாஅத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ். வாசல் வாய்க்காலுக்குப் புதிய நடைகல் வந்துவிட்டது. முதியவர்கள் அதன் மேல் நடந்து வருகிறார்கள். பிள்ளைகள் கல்லை விட்டு இரண்டடி தள்ளி நின்று, தண்ணீர் ஓடும் இடம் பார்த்துத் தாண்டுகிறார்கள்.